புராஸ்டேட் வீக்கம்: மாத்திரையா, ஆபரேஷனா? முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புராஸ்டேட் மாத்திரைகளைப் பல வருஷம் ஜன்னல் வழியே மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தேன். 60 வயதில் அதே மாத்திரையை எனக்கும் எழுதினார்கள். 66-ல் மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டேன். என் அக்கா வீட்டுக்காரருக்கும் இதே தொந்தரவுதான். ஸ்கேனில் அத்தானின் சுரப்பி 72 கிராம், என்னுடையது 41 கிராம். ஆனால் அத்தான் 74 வயதிலும் மாத்திரையோடு நிம்மதியாக இருக்கிறார். ஆபரேஷன் தேவைப்பட்டது எனக்கு. இது ஏன் இப்படி என்று விளங்கிவிட்டால், உங்கள் முடிவில் பாதியை எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு அடியில், நீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. இளவயதில் சுமார் 20 கிராம் இருக்கும். 50-க்கு மேல் பெரும்பாலானவர்களுக்கு வளரத் தொடங்குகிறது. வெளிப்பக்கமாக வளர்ந்தால் 70 கிராம் ஆனாலும் குழாய்க்கு வழி விட்டுவிடும். உள்பக்கமாக வளர்ந்தால் சின்ன வளர்ச்சியே குழாயை நெரித்துவிடும். எனக்கு நடுமடல், அதாவது சுரப்பியின் நடுப்பகுதி, வளர்ந்து பையின் வாயிலேயே துருத்திக்கொண்டு நின்றது. பாதி மூடிய வால்வை எதிர்த்து ஓடும் மோட்டார் மாதிரி, என் சிறுநீர்ப்பை வருஷக்கணக்கில் முக்கி முக்கித் தள்ளியிருக்கிறது. முதலில் பையின் சுவர் தடித்துக்கொள்ளும். பிறகு ஒரு கட்டத்தில் தளர்ந்துவிடும். தளர்ந்த பையை எந்த ஆபரேஷனும் முழுசாகத் திருப்பிக் கொடுக்காது. அதனால்தான், சுரப்பியின் எடையை விட்டுவிட்டுப் பையின் நிலைமையைப் பாருங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

இந்த வீக்கம் புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் தனித்தனியாக இருக்கலாம். அதைப் பார்க்கத்தான், புராஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும், டாக்டர் ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்ப்பதும். கூச்சப்பட்டு இதை மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை நிமிஷ வேலை, தயவுசெய்து மறுக்காதீர்கள். சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கும்போதோ, நீர் வெளியேறப் பைக்குள் டியூப் போட்டு எடுத்த உடனேயோ பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டாம், எண் பொய்யாக ஏறிக் காட்டும். சில வாரம் கழித்துப் பாருங்கள்.

டாக்டரிடம் போகும் முன்

மூன்று நாள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு வந்தது, என்ன குடித்தீர்கள். அளவு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று போதும். இதில் வரும் செய்தி சில சமயம் எந்த ஸ்கேனிலும் வராது. உதாரணமாக, ஒரு நாளில் மொத்தம் போகும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரி தூக்க நேரத்திலேயே வருகிறது என்றால், உங்களை எழுப்புவது புராஸ்டேட் மட்டும் இல்லை. கால் வீக்கம், இருதயக் கோளாறு, குறட்டையோடு மூச்சு நிற்கும் நோய், கட்டுப்படாத சர்க்கரை என்று வேறு காரணம் இருக்கலாம். அந்த ஆள் ஆபரேஷன் செய்துகொண்டாலும் ராத்திரி எழுந்துகொண்டுதான் இருப்பார்.

அப்புறம் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு அட்டவணையை டாக்டர் கொடுப்பார். முழுசாகப் போகவில்லை என்ற உணர்வு, அடிக்கடி போவது, விட்டு விட்டு வருவது, அடக்க முடியாத அவசரம், மெலிந்த தாரை, முக்க வேண்டியிருப்பது, ராத்திரி எழுவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 7 வரை என்றால் லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் கடுமை. எட்டாவதாக, இப்படியே காலம் முழுக்க இருக்கச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு மட்டும் யாருக்காகவும் குறைத்துச் சொல்லாதீர்கள். நம்மூர் ஆண்கள் “பரவாயில்லை சார்” என்று சொல்லியே பழகிவிட்டோம். டாக்டர் அதை நம்பி வைத்தியம் பார்ப்பார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2’ என்று போட்டிருந்தால் பயந்துவிட வேண்டாம். அது சுரப்பியின் அளவைச் சொல்கிறது, நோயின் தீவிரத்தை இல்லை. அதற்குக் கீழே, நீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஒரு எண் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். 50 மில்லிக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 300-ஐத் தொட்டால் டாக்டரே தாமதிக்க விடமாட்டார். அத்தானுக்கு மிச்சம் 30 மில்லி. எனக்கு 180, அதுவும் ஒவ்வொரு ஸ்கேனிலும் ஏறிக்கொண்டே வந்தது. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் இதுதான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். வயிறு வெடிக்கிற மாதிரி ஆன பிறகு போனால், நல்ல பையிலும் மிச்சம் நிற்கும். வழக்கமாக அவசரம் வரும் அளவுக்கு நிரம்பியதும் சொல்லிவிட்டு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். எண் அதிகமாக வந்தால் இன்னொரு நாள் திரும்ப எடுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். நீர் வேகப் பரிசோதனையும் அப்படித்தான்: 150 மில்லியாவது போனால்தான் அந்தக் கணக்கு செல்லும். வினாடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் பெரும்பாலும் நல்ல வேகம். 10-க்குக் கீழே என்றால் அடைப்பாகவோ, பை தளர்ந்ததாகவோ இருக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள்.

மாத்திரைக்கு முன்னால் செய்யக் கூடியவை

லேசான தொந்தரவுக்கு மருந்தே வேண்டாம், கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்பதும் ஒரு முறையான வைத்தியம்தான். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். ராத்திரிக் கஞ்சி, மோர், ரசம், தர்பூசணி எல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேரும். சாயங்காலக் காபியைக் காலைக்கு மாற்றுங்கள். ஆனால் பகலில் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்; நம் வெயிலில் அது கல்லிலும் கிருமித் தொற்றிலும் கொண்டுபோய் விடும். போய் முடித்ததும் உடனே வந்துவிடாமல், ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி முயன்றால் இன்னும் கொஞ்சம் வரும். உட்கார்ந்து போவதும் சிலருக்கு உதவுகிறது. மலச்சிக்கலை விட்டுவைக்காதீர்கள். கால் வீங்குபவர்கள் மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுத்தால், ராத்திரி வர வேண்டிய நீர் சாயங்காலமே போய்விடும். பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதைக் காலையில் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

சளி மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கடையில் கேட்டு வாங்கும் பல சளி மருந்துகளில் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் போன்றவை இருக்கும். இவை நீர்ப்பாதையை இறுக்கவும், பையின் அழுத்தத்தைக் குறைக்கவும் கூடியவை. ராத்திரி இரண்டு மாத்திரை போட்டுப் படுத்து, விடியற்காலையில் ஒரு சொட்டுக்கூட வராமல் துடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை வேலை பார்த்த காலத்தில் பார்த்திருக்கிறேன். மருந்துக்கடையில் “எனக்குப் புராஸ்டேட் இருக்கிறது” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படி ஒரேயடியாக அடைத்துக்கொண்டால் வெந்நீர் ஒத்தடம், பார்லித் தண்ணீர் என்று நேரத்தைக் கடத்தாமல் பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போய் டியூப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை அடைத்ததாலேயே ஆபரேஷன் என்றில்லை. மாத்திரை கொடுத்து, சில நாளில் டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். பலருக்குத் தானாகப் போக ஆரம்பித்துவிடும்.

நெருஞ்சில், மூக்கிரட்டை, சிறுபீளை பற்றிக் கேட்பார்கள். இவை நீர் பிரிவதை அதிகமாக்கும் என்றுதான் நம் வைத்தியத்தில் சொல்கிறார்கள். வழி அடைத்திருக்கும்போது நீரை அதிகமாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சா பால்மெட்டோ காப்ஸ்யூலை முறையாகச் சோதித்து 2006-லும் 2011-லும் அமெரிக்காவில் முடிவு வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது ஒன்றும் அதிகமாகச் செய்யவில்லை. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பயணத்துக்கு ஒரு வார்த்தை. தூரப் பயணத்துக்கு நான் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலுக்கு மாறினேன், கீழ் பர்த்தாகக் கேட்டு வாங்குவேன். பஸ்ஸில்தான் போயாக வேண்டும் என்றால், ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள். நான் கேட்டு நிறுத்தாத கண்டக்டர் இல்லை.

மாத்திரைகள்

இரண்டு வகை முக்கியம். இரண்டும் செய்வது வேறு வேறு வேலை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின் எல்லாம் ஒரு வகை. பையின் கழுத்திலும் சுரப்பியிலும் உள்ள தசையைத் தளர்த்தும். சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். சுரப்பியைச் சுருக்காது. தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள், காப்ஸ்யூலைப் பிரிக்கவோ மெல்லவோ கூடாது. எழும்போது தலை சுற்றலாம். அதனால் ராத்திரி கட்டிலை விட்டு எழும்போது ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள், கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் புராஸ்டேட்டைவிடப் பெரிய கஷ்டம். இந்த வகையில், சிலோடோசினில் முக்கியமாக, விந்து வெளியே வராமல் போகலாம். உடம்புக்குக் கெடுதல் இல்லை, மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும்.

கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். டாம்சுலோசின் கருவிழிப் படலத்தைத் தளர்த்திவிடும். ஆபரேஷன் நடுவே கண்மணி சட்டென்று சுருங்கிவிடக் கூடும். முன்பு எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். தெரிந்தால் கண் டாக்டர் அதற்குத் தயாராக வருவார். ஊர் ஊராகக் கண் முகாம் நடக்கிற நாடு நம்முடையது. முகாமுக்குப் போகும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். இன்னும் டாம்சுலோசின் தொடங்கவில்லை, கண் ஆபரேஷன் பக்கத்தில் இருக்கிறது என்றால், அதை முடித்துவிட்டுத் தொடங்கலாமா என்று கேளுங்கள்.

இரண்டாவது வகை ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு. இவை சுரப்பியையே கால் பங்கு அளவுக்குச் சுருக்கும். ஆனால் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு “ஒன்றும் கேட்கவில்லை” என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். சுரப்பி சின்னதாக இருந்தால் இவற்றால் பெரிய உபயோகம் இல்லை. 30, 40 கிராமுக்கு மேல் உள்ளவர்களுக்கானது. 3047 பேரைச் சராசரி நாலரை வருஷம் தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளியான எம்டாப்ஸ் ஆய்வில், இரண்டு வகையையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் அபாயம் 66 சதவீதம் குறைந்தது. தளர்த்தும் மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களுக்குத் தொந்தரவு குறைந்ததே தவிர, பின்னாளில் அடைத்துக்கொள்வதோ ஆபரேஷனோ குறையவில்லை. அத்தானின் 72 கிராமுக்கு இந்தக் கூட்டு மருந்து பொருத்தமாக அமைந்தது. என் நடுமடலுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

இந்த இரண்டாவது வகையின் பக்க விளைவுகளை வெளிப்படையாகப் பேச வேண்டும். சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும், மார்பு வலிக்கலாம். வீட்டில் மனைவியிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். அடுத்தது, பி.எஸ்.ஏ. எண்ணை இந்த மருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் பாதியாக்கிவிடும். அதனால் ரிப்போர்ட்டில் 3 என்று வந்தால் அதை 6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்து தொடங்கும் முன் ஒரு பி.எஸ்.ஏ. எடுத்துவைப்பது இதற்காகத்தான். வேறு டாக்டரிடம் போகும்போது இதை நீங்களே சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ உடைந்த மாத்திரையை, கசிந்த காப்ஸ்யூலைத் தொடக் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும். டுடாஸ்டெரைடை நிறுத்தி ஆறு மாதம் வரை ரத்த தானமும் செய்யக் கூடாது.

டடாலஃபில் 5 மில்லிகிராம் தினமும் சாப்பிடுவதும் ஒரு வழி. ஆனால் நெஞ்சு வலிக்காக நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.

செலவைப் பற்றி: இவை பெரும்பாலும் வருஷக்கணக்கில் சாப்பிடுவது. மக்கள் மருந்தகத்தில் டாம்சுலோசின், டுடாஸ்டெரைடு குறைந்த விலையில் கிடைக்கின்றன. பிராண்டு பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரையும் அளவையும் பார்த்து வாங்குங்கள்.

ஆபரேஷன் எப்போது

யோசிக்க இடமில்லாத சந்தர்ப்பங்கள் சில உண்டு. டியூபை எடுத்தால் திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்வது, அடிக்கடி கிருமித் தொற்று, மருந்துக்கு நிற்காமல் சிறுநீரில் ரத்தம், பையில் கல், அடைப்பினால் சிறுநீரகம் வீங்கி கிரியேட்டினின் ஏறுவது. இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு காலத்தைக் கடத்துவது ஆபத்து. சிறுநீரகம் கெடும்போது வலிக்காது.

மற்றவர்களுக்கு இது அவரவர் தேர்வு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, பலன் போதவில்லை, வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட மனமில்லை — எதுவுமே நியாயமான காரணம்தான். எனக்கு ஐந்தில் எதுவும் வரவில்லை. மிச்சம் நிற்பது ஏறிக்கொண்டே போனது, எட்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதில் மோசமாக இருந்தது. பை தளர்வதற்குள் செய்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன். 80 வயதில் நான்கு வியாதியோடு மேஜையில் ஏறுவதைவிட 66-ல் ஏறுவது எளிது என்றும் கணக்குப் போட்டேன்.

எனக்குச் செய்தது டியுஆர்பி. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, நீர்க்குழாய் வழியாகவே கருவியை விட்டு, அடைக்கும் சதையைச் சுரண்டி எடுப்பார்கள். வயிற்றில் வெட்டு இல்லை. 80 கிராம் வரை இது நடைமுறையில் உள்ள முறை. பைபோலார் கருவியா என்று கேளுங்கள். அதில் உப்புத் தண்ணீரால் கழுவுவதால், பழைய முறையில் வரக்கூடிய சோடியம் குறையும் ஆபத்து இல்லை. 80 கிராமைவிடப் பெரிய சுரப்பிக்கும், ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஹோல்மியம் லேசர் முறை நல்லது, ரத்தப்போக்கு குறைவு. லேசர் என்ற பெயருக்காக ஓடாதீர்கள். எந்த டாக்டர் எந்த முறையில் கைதேர்ந்தவர் என்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நீங்கள் கேட்கத் தயங்கும் ஒன்றை நானே சொல்கிறேன். டியுஆர்பி, லேசர் இரண்டிலுமே பெரும்பாலானவர்களுக்கு விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடும், இது திரும்பாது. விறைப்பும் இன்பமும் பொதுவாகப் பாதிக்காது. குழந்தை பெறும் எண்ணம் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிரந்தரமாக நீர் கசிவது அபூர்வம். சிலருக்குச் சில வருஷத்தில் குழாய் சுருங்கியோ, சதை வளர்ந்தோ மறுபடி செய்ய வேண்டி வரலாம். ஆபரேஷனுக்குப் பிறகு தாரை பிரமாதமாக வரும், ஆனால் ராத்திரி எழுவது அந்த அளவுக்குக் குறையாது. அந்த எதிர்பார்ப்போடு போங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யூராலஜி (சிறுநீர்ப்பாதை) பிரிவு இருக்கும் இடங்களில் இது நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். ஓய்வூதியர்கள் தங்களுக்கான காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள். சேரும் முன்பே அனுமதி வாங்கினால் அலைச்சல் குறையும். ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரெல் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. இருதய டாக்டரும் யூராலஜி டாக்டரும் பேசி முடிவு சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டியூப் பொதுவாக ஓரிரு நாள் முதல் மூன்று நாள் வரை இருக்கும். எடுத்த பிறகு சில வாரம் எரிச்சலும் அவசரமும் இருக்கும், கொஞ்சம் சொட்டும். பயப்படாமல் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைக் கேட்டுச் செய்யுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் டூவீலர், தண்ணீர்க் குடம், சிலிண்டர் எதுவும் வேண்டாம், மலம் முக்கக் கூடாது. இரண்டாவது வாரம் வாக்கில் புண் பொருக்கு உதிரும்போது மறுபடி சிவப்பாக வரலாம். தண்ணீர் அதிகம் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கட்டி கட்டியாக வந்தாலோ, அடைத்தாலோ, குளிர் ஜுரம் வந்தாலோ உடனே போக வேண்டும்.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுரப்பியின் வெளிப்பகுதி உடம்பிலேயே இருக்கிறது, புற்றுநோய் பெரும்பாலும் வருவது அந்தப் பகுதியில்தான். ஆகவே உங்கள் வயதுக்கும் உடல்நிலைக்கும் பி.எஸ்.ஏ. எப்போது எடுக்க வேண்டும் என்பதை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே டாக்டரிடம் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.